ஒரு நண்பனைக் கேட்டோம், ஊரையே அனுப்பினார்கள்

ஸ்கைரிம் என்ற தனியாள் வீடியோ கேமை ஆடிய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்திருக்கும். பனி மூடிய மலையில் ஏறி நிற்கிறோம். வானத்தில் பச்சையும் நீலமுமாக ஒளி நெளிகிறது. கீழே ஆற்றங்கரையில் மாமூத் கூட்டம் ஒன்று அசைந்து போகிறது. 'டேய், இங்க வந்து பாருடா' என்று கூப்பிட ஆள் இல்லை. பக்கத்தில் லிடியா நிற்பாள்தான், கேமே தரும் துணையாள். அவளிடம் மூட்டையைக் கொடுக்கலாம், மலையைக் காட்ட முடியாது.

ஸ்கைரிம் வெளியானது 2011 நவம்பர் 11. அடுத்த ஆண்டு மே மாதமே, அது அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அதே டாம்ரியல் கண்டம், அதே பூனை மனிதர்கள், அதே பல்லி மனிதர்கள், ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே உலகத்தில். வேண்டியது கிடைத்தது என்று குதித்திருக்க வேண்டும். ஆனால் நிறையப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். நானும்தான். நாங்கள் கேட்டது மலையுச்சியில் கூட நிற்க ஒரு நண்பனை. அவர்கள் அனுப்பியது ஓர் ஊரை. அதில் பாதிப் பேர் காரணமே இல்லாமல் குதித்துக்கொண்டே இருந்தார்கள், மீதிப் பேர் பொது சாட்டில் எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அதே கேமை வருடக்கணக்கில் விட்டு விட்டு ஆடியிருக்கிறேன், இன்னும் ஆடுகிறேன். அதனால் இதை வெறும் புலம்பலாக எழுத முடியாது. தனியாளுக்காகக் கட்டிய ஓர் உலகத்தைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டால் உள்ளே என்னென்ன உடைகிறது, எதைத் திரும்ப ஒட்டவைக்க முடிகிறது, எது கடைசிவரை ஒட்டுவதே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தொடரின் உயிர் கதையில் இல்லை. கதை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கைதியாகத் தொடங்குவீர்கள், வெளியே விடுவார்கள், உலகம் அழியப்போகிறது என்பார்கள், நீங்கள் காப்பாற்ற வேண்டும். பாதிப் பேர் காப்பாற்றாமலே நூறு மணி நேரம் ஆடிவிட்டுப் போவார்கள். 1994இல் வந்த அரீனா, 1996இல் டேகர்ஃபால், 2002இல் மொரோவிண்ட், 2006இல் ஒப்லிவியன், அப்புறம் ஸ்கைரிம். இந்த ஐந்திலும் ஆட்களைக் கட்டிப்போட்டது இரண்டு விஷயம். ஒன்று திசை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம், தூரத்தில் தெரியும் கோபுரத்துக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். போன இடத்தில் ராட்சதன் ஒரே அடியில் வானத்துக்கு அனுப்பிவைத்தால் அது உங்கள் பாடு. இன்னொன்று ஞாபகம். நீங்கள் செய்ததை அந்த உலகம் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் ருசி அதில்தான் இருக்கிறது. மொரோவிண்டில் ஒரு பாலத்தின் நடுவில் கத்தியைப் போட்டுவிட்டு எத்தனையோ நாள் கழித்து வந்து பாருங்கள், கத்தி அங்கேயே கிடக்கும். ஸ்கைரிமில் வைட்ரன் நகரத்துக் கடைக்காரர் பெலெதோர் செத்துப்போனால் அவரிடம் வேலை பார்த்தவன் கல்லாவில் வந்து உட்காருவான். அவருக்குக் கல்லறை மண்டபத்தில் ஒரு சவப்பெட்டி சேரும். மொரோவிண்டில் கதைக்கு முக்கியமான ஆளை நீங்கள் கொன்றுவிட்டால் கேம் தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது, முன்பு சேமித்த கட்டத்துக்குத் திரும்பு, இல்லை நீ கெடுத்த இந்த உலகத்திலேயே கிட என்கிற பொருளில் ஒரு செய்தி மட்டும் வரும். கெடுத்த உலகத்திலேயே தொடர்ந்து ஆட விடும். முட்டாள்தனத்துக்கும் மதிப்புக் கொடுத்த கேம் அது. கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் கண் மறைந்த நேரத்தில் கடையைக் காலி செய்ததும், வீடு முழுக்கப் பாலாடைக்கட்டி உருண்டைகளை அடுக்கியதும் கதையில் இல்லாதவை. ஆனால் ஸ்கைரிம் என்றதும் ஆடியவர்கள் சொல்லிச் சிரிப்பது அவற்றைத்தான்.

ஆன்லைன் கேமை எடுத்தவர்கள் இதே ஆட்கள் இல்லை. டாட் ஹாவர்ட் தலைமையில் ஸ்கைரிமைச் செய்த பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸ் இருப்பது மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில்லில். அதே மாநிலத்தில், பால்டிமோரை ஒட்டிய ஹன்ட் வேலியில் 2007இல் தாய் நிறுவனம் தனியாக ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கியது: ஜெனிமேக்ஸ் ஆன்லைன். தலைவர் மேட் ஃபைரர். இவர் முன்பு மிதிக் நிறுவனத்தில் 'டார்க் ஏஜ் ஆஃப் கேம்லாட்' என்ற 2001ஆம் ஆண்டு ஆன்லைன் கேமின் தயாரிப்பாளர். மூன்று நாடுகள் தீராமல் போரிட்டுக்கொண்டிருக்கும் கேம் அது.

இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் பார்த்தால் பின்னால் நடந்தவை பலவும் புரியும். 2007 என்றால் ஸ்கைரிமுக்கு நான்கு வருடம் முன்பு. உலகம் முழுக்க வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிக்கொண்டிருந்த காலம். மாதச் சந்தா கட்டி ஆடும் கேம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லா முதலாளிகளும் நம்பிய காலம். அந்த நம்பிக்கைமேல் அஸ்திவாரம் போட்டார்கள். நடுவில் ஸ்கைரிம் வந்து ரசிகர்களின் எதிர்பார்ப்பையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. முதலில் காட்டிய வடிவத்தில், பாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் 'முதல் ஆள்' பார்வைக்குப் போனால் உங்கள் கைகளே தெரியாது. ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் கையும் வாளும் திரையில் வந்தன. ஸ்கைரிமுக்குப் பழகிய கண்ணுக்குத் தன் கை தெரியாத டாம்ரியல் எப்படி ஒப்பும்?

காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் இவர்கள் கெட்டிக்காரர்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கதை நடப்பது இரண்டாம் யுகம் 582ஆம் ஆண்டு. ஸ்கைரிமுக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் முன்பு. பேரரசர் சிம்மாசனம் காலி. மூன்று கூட்டணிகள் அதற்கு அடித்துக்கொள்கின்றன, நடுவில் மோலக் பால் என்ற தீய தேவன் மொத்த உலகத்தையும் தன் நரகத்தோடு சங்கிலி போட்டு இழுக்கப் பார்க்கிறான். பழைய கேம்களின் கதையைத் தொட வேண்டியதில்லை, சிம்மாசனம் காலியாக இருப்பதால் ஆடுகிறவர்களே அதற்குச் சண்டை போடலாம், மூன்று கூட்டணி என்பதால் ஃபைரருக்குக் கைவந்த பழைய வித்தையையும் இறக்கலாம். ஒப்லிவியனில் நாம் தனியாகச் சுற்றிய சிரோடில் மாகாணம் முழுக்கப் போர்க்களமாகிவிட்டது. ப்ரூமாவுக்கும் கோரோலுக்கும் நடுவில் நாம் பூப்பறித்துத் திரிந்த புல்வெளியில் கவண் பொறிகள் நிற்கின்றன. ராஜநகரைச் சுற்றியிருக்கும் ஆறு கோட்டைகளையும் ஒரு கூட்டணி பிடித்தால் அந்தக் கூட்டணியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் பேரரசர். நிஜமான ஓர் ஆள் பேரரசர்! கோட்டைகள் கைமாறினால் பட்டமும் போச்சு. இந்தத் தொடருக்கு இந்த ஆன்லைன் கேம் புதிதாகக் கொடுத்தது என்று நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். தனியாக ஆடும்போது பேரரசராவது எழுதிவைத்த கதை. இங்கே அதை நூறு பேரிடமிருந்து பிடுங்க வேண்டும். (பெரிய சண்டை வந்தால் சர்வர் மூச்சு வாங்கும். நம்மூரிலிருந்து ஆடினால் அதற்கு முன்பே நமக்கு மூச்சு வாங்கும். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான், பிங், அதாவது சர்வர் பதில் தர ஆகும் மில்லி விநாடிகள், மூன்று இலக்கத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை.)

2014 ஏப்ரல் 4 அன்று கணினிகளுக்கு வெளியிட்டார்கள். கேமுக்கு 60 டாலர், அதற்கு மேல் மாதம் 14.99 டாலர் சந்தா. அன்றைய மதிப்பில் மாதம் ஏறத்தாழ 900 ரூபாய். இங்கே எத்தனை வீட்டில் இதைச் சொல்லிக் காசு கேட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். குரல் கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் காசு எங்கே போனது என்று தெரியும்: மைக்கேல் கேம்பன், ஜான் க்ளீஸ், பில் நைய், கேட் பெக்கின்சேல், ஆல்ஃபிரட் மொலினா, மோலக் பாலுக்கு மால்கம் மெக்டவல். தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு நரகத்தில் உலவும் சர் கேட்வெல் என்ற பைத்தியக்கார வீரருக்கு க்ளீஸ் கொடுத்த குரல் ஒன்றுக்காகவே முதல் மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் முதலில் உடைந்தது திசை. வார்கிராஃப்ட் பாணியில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு லெவல் வரம்பு. நீங்கள் உயர் எல்ஃப் என்றால் ஆரிடானில் ஆரம்பித்து, கிராத்வுட், கிரீன்ஷேட், மலபால் டோர், ரீப்பர்ஸ் மார்ச் என்று வரிசையாகத்தான் ஏற வேண்டும். ஸ்கைரிமில் அலைந்த ரிஃப்டன் நகரம் இந்தக் கேமிலும் இருக்கிறது, ஆனால் எதிர்க் கூட்டணிக்குச் சொந்தம். லெவல் 50 தொட்டு மெயின் கதையை முடித்தால்தான் அந்தப் பக்கம் கதவு திறக்கும், அதுவும் 'வெட்டரன் ரேங்க்' என்ற பெயரில் இன்னொரு நீண்ட ஏணியாக. தூரத்தில் தெரியும் கோபுரத்துக்குப் போகலாமா என்று கேட்டால் 'போகலாம், 30 லெவல் கழித்து' என்பதுதான் பதில்.

இன்னொரு கூத்து. நானும் என் நண்பனும் ஆளுக்கொரு இனத்தைப் பிடித்திருக்கிறது என்று தேர்ந்தெடுத்தோம். அது எங்களை ஆளுக்கொரு கூட்டணியில் தள்ளியது. அப்புறம்தான் தெரிந்தது, போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் நாங்கள் சந்திக்கவே முடியாது, அங்கும் எதிரிகளாக! நண்பனோடு ஆட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இருக்கும் கேமில் நண்பனைப் பார்க்க முடியாது என்பதை எந்தக் கூட்டத்தில், எந்த வெள்ளைப் பலகை முன்னால் முடிவெடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

மெயின் கதை அதைவிட வேடிக்கை. ஆன்மா பறிக்கப்பட்ட நீங்கள் ஒருவர்தான் உலகத்தைக் காப்பாற்ற முடியும் என்று கேம்பன் குரலில் கிழவர் உருகுவார். அந்த அத்தியாயங்களைத் தனியாகத்தான் ஆட வேண்டும், கூட யாரும் வர முடியாது. முடித்துவிட்டு வெளியே வந்தால் அதே கிழவர் சொன்ன அதே வார்த்தைகளைக் கேட்டு அதே பெருமையோடு நிற்கும் இன்னும் நாற்பது பேர். குகைக்குள் போனால் அங்கே பாஸ் என்ற பெரிய எதிரி வர வேண்டிய இடத்தில் ஏழெட்டுப் பேர், பலர் ஆட்களே இல்லை, பொருள் சேர்க்க யாரோ ஓடவிட்ட தானியங்கி பாட்கள். பாஸ் தலையைக் காட்டிய நொடியே செத்துவிழும். பயந்து பயந்து இருட்டில் இறங்கிய பழைய குகைகளை நினைத்துக்கொண்டு அங்கே நின்றவனுக்குக் கோபம்கூட வராது, சிரிப்புத்தான் வரும்.

ஞாபகத்தை அவர்கள் காப்பாற்றப் பார்க்காமல் இல்லை. அந்த முயற்சியில் விழுந்த முடிச்சுதான் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் சுவாரசியமான இடம். கிளென்அம்ப்ரா பகுதியில் காம்லோர்ன் என்றொரு ஊர். ஓநாய் மனிதர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் படிப்படியாக மீட்கிறீர்கள். மீட்ட பிறகு ஊர் மாறுகிறது: சண்டை ஓய்ந்து மக்கள் திரும்பியிருப்பார்கள். தனியாள் கேமில் இது சாதாரணம். இங்கே அதே தெருவில் இன்னும் மீட்காத ஆளும் நிற்கிறானே, அவனுக்கு ஊர் ஓநாய்கள் கையில்தானே இருக்க வேண்டும்? அதனால் உங்களுக்கு ஒரு காம்லோர்ன், அவனுக்கு ஒரு காம்லோர்ன். ஒரே இடம், இரண்டு படலங்கள். விளைவு: நீங்களும் நண்பனும் ஒரே குழுவில் இருப்பீர்கள், வரைபடத்தில் இரண்டு அம்புக்குறியும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும், ஆனால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியமாட்டீர்கள்.

இதைப் பிழை என்று சரிசெய்துவிட முடியாது. உலகம் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது உங்களுக்கு மட்டும் உரிய உலகமாக மாற வேண்டும். கூட இன்னொருவர் இருக்க வேண்டும் என்றால் அது இருவருக்கும் பொதுவாக, இருவருடைய செயலையும் மறந்ததாக இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. வெளியீட்டுக்குப் பிந்தைய மாதங்களில் அவர்கள் இந்தப் படலங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், நண்பர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது, உலகம் இன்னும் கொஞ்சம் மறதிக்காரனாயிற்று.

இது இவர்கள் மட்டும் முட்டிக்கொண்ட சுவர் இல்லை. 1981இலிருந்து தனியாள் தொடராக வந்த அல்டிமாவை 1997இல் அல்டிமா ஆன்லைனாக மாற்றியபோது முதன்முதலில் இதைப் பார்த்தார்கள். அல்டிமாவில் நீங்கள் அவதார், ஒரே ஒருவர். ஆயிரம் அவதாரங்களை என்ன செய்வது? பழைய கதையில் உடைந்த ஒரு மந்திரக் கல்லின் ஒவ்வொரு சில்லிலும் ஒரு பிரிட்டானியா இருப்பதாகச் சொல்லி ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சில்லைக் கொடுத்தார்கள். அழகான சமாளிப்பு. அதைவிடப் பெரிய கனவும் இருந்தது: புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், ஓநாய்க்கு இரை குறைந்தால் ஊருக்குள் வரும் என்று உயிருள்ள காடு ஒன்றை ராஃப் கோஸ்டர் உள்ளிட்டவர்கள் உருவாக்கினார்கள். சோதனைக்கு ஆட்களைத் திறந்துவிட்டதும் அவர்கள் ஓடிவந்து கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார்கள். காடு தழைக்க நேரமே இல்லை. அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். தனியாள் ஒருவன் நான்கு முயலைக் கொன்றால் உலகம் அதை ஞாபகம் வைக்கலாம். கூட்டம் வந்தால் உலகம் மறந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்தவனுக்கு முயலே மிஞ்சாது.

எல்டர் ஸ்க்ரோல்ஸுக்குத் திரும்புகிறேன். சந்தா முறை நிலைக்கவில்லை. 2014 ஜூனில் வர வேண்டிய கன்சோல் வடிவம் ஒரு வருடம் தள்ளிப்போய் 2015 ஜூன் 9இல் வந்தது. அதற்கு முன்பே, மார்ச் 17 அன்று, கட்டாயச் சந்தாவை எடுத்துவிட்டார்கள். பணம் பிறகு கிரவுன் ஸ்டோர் என்ற, கேமுக்குள்ளேயே இருக்கும் கடை வழியாக வந்தது. குதிரை, உடை, 2016 முதல், உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள். அதிர்ஷ்டப் பெட்டி சூதாட்டம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

உண்மையான திருப்பம் 2016 அக்டோபரில். 'ஒன் டாம்ரியல்' என்ற அப்டேட். கூட்டணி வேலிகளை எடுத்தார்கள். லெவல் வரம்புகளை எடுத்தார்கள். டுடோரியல் முடிந்து வெளியே வந்த நிமிடமே எந்தத் திசையிலும் போகலாம், எந்த நண்பனோடும் சேரலாம். எதிரிகளும் நீங்களும் ஒரே மட்டத்துக்கு வரும்படி கேம் உங்கள் பலத்தைத் தானே ஏற்றி வைக்கும். தொடரின் முதல் குணம் திரும்ப வர வெளியீட்டிலிருந்து இரண்டரை வருடம் ஆயிற்று.

இதில் ஒரு நகைமுரண் இருக்கிறது, பழைய ஆட்களுக்கு உடனே புரியும். ஒப்லிவியனில் ரசிகர்கள் மிக அதிகமாகத் திட்டியது எதை? இதே விஷயத்தைத்தான். நீங்கள் வளர வளர எதிரிகளும் வளர்வார்கள். கடைசியில் சாலையோரம் வழிப்பறி செய்யும் திருடன், விலைமதிப்பில்லாத கண்ணாடிக் கவசத்தில் வந்து நின்று சில்லறைக் காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஊரையே வாங்கலாம்! தனியாளின் உலகில் அது அபத்தம், ஏனென்றால் உலகம் உங்களைப் பார்த்து நடிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. கூட்ட உலகில் அதே வித்தை, கொஞ்சம் திருப்பிப் போட்டு, கேமைக் காப்பாற்றியது. நேற்று வந்தவனும் ஐந்து வருடம் ஆடியவனும் ஒரே காட்டில் ஒரே ஓநாயோடு சண்டை போட வேறு வழி இல்லை. விலையும் உண்டு: எல்லா இடமும் ஒரே மாதிரி சுலபம். நண்டுக்கும் நரக வீரனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்கைரிமில் ராட்சதனைப் பார்த்துச் சுற்றுவழியில் போன அந்தப் பயம் இங்கே திறந்தவெளியில் கிடையாது. குழுவாக இறங்கும் டஞ்சன்களில் உண்டு, ஆனால் அதற்கு நம்மோடு இன்னும் மூன்று பேர் வேண்டும்.

ஞாபகத்துக்கு என்ன ஆயிற்று? வெளியானபோது இந்தக் கேமில் திருடவே முடியாது. மேசையில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேமில் திருட்டே குற்றம் இல்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? 2015 மார்ச்சில் நீதி முறையைக் கொண்டுவந்தார்கள்: பிக்பாக்கெட் அடிக்கலாம், பிடிபட்டால் தலைக்கு விலை, காவலர்களைக் கொல்ல முடியாது, திருட்டுப் பொருளைத் தலைமறைவிடத்துத் தரகரிடம்தான் விற்க முடியும். ஆடுபவர்களே ஆடுபவர்களைத் துரத்திப் பிடிக்கும் இரண்டாம் கட்டம் ஒன்றையும் முதலில் சொல்லி, பிறகு கைவிட்டார்கள். நல்லதாயிற்று. எனக்கு நன்றாகத் தெரியும், நம் ஆட்கள் சட்டத்தைக் காப்பாற்ற அந்த வேலைக்கு வந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் திருடர் சங்கமும் கொலையாளிகள் சங்கமும் வந்தன. நிழலில் ஒளிந்து பின்னால் போய் ஊர்க்காரர் ஒருவரைச் சத்தமில்லாமல் முடிக்கலாம். எழுத்தும் நன்றாகவே இருந்தது. ஆனால் சற்று நேரம் அங்கேயே நின்று பாருங்கள். முடித்த ஆள் அதே இடத்தில் முளைத்து, விட்ட இடத்திலிருந்து தெருவைக் கூட்டுவார். சவப்பெட்டி இல்லை, கல்லாவில் வேறு ஆள் இல்லை. அவரை அடுத்தவன் கொல்ல வேண்டியிருக்கிறதே.

2017 பிப்ரவரியில் வீடுகள் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விளக்க இதைத்தான் சொல்ல வேண்டும். கடைசியில், நான் வைத்த தட்டு வைத்த இடத்தில் இருக்கும் நான்கு சுவர்கள்! மொத்தக் கண்டமும் மறந்துபோன இடத்தில் ஓர் அறைக்கு மட்டும் ஞாபகம். அதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு, இந்த வீட்டில் இத்தனை பொருள்தான் வைக்கலாம் என்று. மாதச் சந்தா கட்டினால் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும். மொரோவிண்டின் பாலத்தில் இலவசமாகக் கிடந்த கத்திக்கு இங்கே வாடகை. சர்வரில் ஒவ்வொரு பொருளையும் எல்லோர் கண்ணுக்கும் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருக்கச் செலவு இருக்கிறது, புரிகிறது. புரிந்தாலும் வலிக்கிறது.

ஆடுபவர்களே கேமை மாற்றியமைக்கும் 'மோட்' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீட்டமாட்டேன். மொரோவிண்டோடு அதைக் கட்டிய கருவியையே பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்த கேம்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆன்லைனில் திரையில் தெரியும் பட்டைகளையும் வரைபடத்தையும் மாற்றும் ஆட்-ஆன்கள் மட்டும்தான். வேறு வழியும் இல்லை. பொது உலகில் ஆளாளுக்கு மலையை நகர்த்த முடியாது.

இதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளைக்கு நடந்ததையும் பார்த்தால் ஹன்ட் வேலிக்காரர்கள்மேல் மதிப்புக் கூடும். 2018 நவம்பர் 14 அன்று, தனியாள் தொடரான ஃபால்அவுட்டின் ஆன்லைன் வடிவமாக ஃபால்அவுட் 76 வந்தது. இந்த முறை செய்தது பெதெஸ்டா கேம் ஸ்டுடியோஸே. மனிதர்களை ஆடுபவர்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று நினைத்து, பேசக்கூடிய மனிதப் பாத்திரம் ஒன்றைக்கூட அவர்கள் வைக்கவில்லை. ரோபோக்கள், ஒலிநாடாக்கள், பிணங்கள். ஆடுபவர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. எப்படி நிரப்புவார்கள்? மகனைத் தொலைத்த தாயாக யார் பதினைந்து மணி நேரம் ஒரே குடிசை வாசலில் நிற்பது? 2020 ஏப்ரலில் வந்த அப்டேட்டில்தான் மனிதர்கள் வந்தார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் முதல் நாளிலிருந்தே அந்தத் தவறைச் செய்யவில்லை. குட்டிக் குட்டி ஊரிலும் குரலோடு, குறையோடு, ஒரு வேலையோடு யாராவது காத்திருப்பார்கள். கூட்டத்துக்கான கேம்தான், ஆனால் எழுதும்போது ஒருவனை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் கூட்டம் எதற்கு? நான் சாட் திரையை மூடிவைத்துவிட்டுத் தனியாகத்தான் சுற்றுகிறேன். என்னைப் போல் ஆடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். இருந்தும் ஸ்கைரிமில் கிடைக்காத ஒன்று எனக்கு இங்கே கிடைக்கிறது. வானத்தைப் பிளந்துகொண்டு மோலக் பாலின் சங்கிலிகள் பூமியில் இறங்கும். தூரத்திலிருந்தே தெரியும். நான் ஒரு பக்கமிருந்து ஓடுவேன், மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி தூண்டிலைப் போட்டுவிட்டு வருவாள், குதிரையில் போய்க்கொண்டிருந்தவன் திரும்புவான். வழியில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ள இறங்கிய பயணிகள் மாதிரி, யார் என்ன என்று கேட்காமல் எல்லோரும் தோள் கொடுப்போம். நான் விழுந்தால் முன்பின் தெரியாத ஒருவர் தன்னிடமுள்ள ஆன்மக் கல் ஒன்றைச் செலவழித்து எழுப்பிவிடுவார். சங்கிலி அறுந்ததும் அவரவர் பாட்டுக்குப் போய்விடுவோம், ஒரு வார்த்தை கிடையாது. (அலிக்கர் பாலைவனத்தில் இதையே தொழிலாக்கி, புள்ளிக்காக மூன்று சங்கிலிகளை வட்டமடித்துக்கொண்டே இருக்கும் கும்பல் ஒன்று உண்டு. அது வேறு கதை.) மலையுச்சியில் காட்ட ஒரு நண்பன் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்நியர்கள் கிடைத்தார்கள், அது அப்படியொன்றும் மோசமான பண்டமாற்று இல்லை.

2017 ஜூனில் மொரோவிண்ட் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயத்தை விட்டு, வாடன்ஃபெல் தீவுக்குத் திரும்பக் கூட்டிப்போனார்கள். பழைய ஏக்கத்தைக் காசாக்கும் வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய கேமுக்குப் பல நூற்றாண்டு முந்தைய காலம் என்பதால் அங்கே விவெக் நகரம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. சாரம் கட்டிய பாதிக் கோபுரங்களுக்கு நடுவில் நடந்துபோவது, எனக்கு வழி தெரிந்த ஊருக்கு நானே முன்னால் வந்து நிற்பதுபோல ஒரு விசித்திரம். இந்தத் தொடரைத் தெரியாதவருக்கு அது வெறும் கட்டட வேலை.

பிறகு மைக்ரோசாஃப்ட் தாய் நிறுவனத்தையே 750 கோடி டாலருக்கு வாங்கியது, 2021 மார்ச்சில் கைமாறியது. 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஆட்குறைப்பு செய்தபோது, ஹன்ட் வேலிக்காரர்கள் செய்துகொண்டிருந்த புது ஆன்லைன் கேம் ஒன்றை நிறுத்தினார்கள், ஃபைரரும் விலகினார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஒப்லிவியனைப் புதுப் பூச்சோடு திரும்ப வெளியிட்டிருந்தார்கள். கண்ணாடிக் கவசத் திருடர்கள் உட்பட எல்லோரையும் பார்க்க ஆட்கள் தனித்தனியாகத் திரும்பிப் போனார்கள். ஆறாவது எல்டர் ஸ்க்ரோல்ஸுக்கு 2018இல் காட்டிய ஒரு மலைத்தொடரும் தலைப்பும்தான் இன்னும் எங்கள் சொத்து.

அதுவரை ஆட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. கிழவர் கேம்பன் குரலில் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிடுங்கள், உலகத்தைக் காப்பாற்ற அங்கே ஏற்கெனவே ஆள் நிறைய. நேராக ஆரிடான் தீவின் வல்கெல் கார்டு துறைமுகத்துக்குப் போங்கள். ரஸும்-டார் என்ற பூனை மனிதன் கண்ணில் படுவான். எல்ஃப் ராணியின் ஒற்றன், வாய்ச்சவடால் பேர்வழி, தன்னைத் தானே பெயர் சொல்லிப் பேசிக்கொள்பவன். அவனுக்கு நீங்கள் விதி குறித்த வீரரும் இல்லை, ஒன்றும் இல்லை. கைக்கு உதவியாக, அவசரத்துக்குக் கிடைத்த ஓர் ஆள். அவன் சொல்லும் சில்லறை வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பின்னால் இன்னும் பத்துப் பேர் அதே வேலைக்கு வரிசையில் நின்றாலும் உறுத்தாது, ஒற்றர்களுக்கு எடுபிடிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம்.